முத்து ஆராய்ச்சி யாருக்குச் சொந்தம்?

மன்னார் வளைகுடாவின் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைத் தூத்துக்குடிக் கடலோடிகள் ‘பார்’ என்று அழைப்பார்கள். முத்துச்சிப்பி வாழ்வது இந்தப் பார்களில்தான். சிப்பி செழித்த ஆண்டுகளில் அரசு முன்னின்று நடத்திய முத்துக்குளிப்புக்குச் ‘சிலாபம்’ என்று பெயர். தூத்துக்குடியில் கடைசிச் சிலாபம் நடந்தது 1961ஆம் ஆண்டில். முத்துக்குளிப்பு நின்றுவிட்டது, முத்தைப் பற்றிய ஆராய்ச்சி நிற்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு வரிப்பணம் கொடுத்தவர்கள் நாம். அதன் முடிவுகளைப் படிக்க நமக்கு வழி உண்டா? வாசகர்களே, இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய வரலாறு. சிப்பி சில ஆண்டுகள் பெருகுவதும் சில ஆண்டுகள் அடியோடு மறைவதும் ஏன் என்று கண்டறிய, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் பிரிட்டிஷ் அரசு ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தது. ஜேம்ஸ் ஹார்னெல் அவருக்குத் துணை. அவர்களுடைய அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பிக்குள் புகுவதால்தான் நல்ல முத்து விளைகிறது என்பது அவர்களுடைய கொள்கை. 1906இல் இலங்கை அரசு அந்நாட்டுப் பார்களை ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது.

நாடாப்புழுக் கொள்கையை லிஸ்டர் ஜேம்சன் என்ற உயிரியலாளர் 1912இல் மறுத்தெழுதினார். அவரால் அது எப்படி முடிந்தது? முன்னவர்கள் கண்ட விவரங்கள் படங்களுடன் அச்சில் இருந்தன. விஞ்ஞானத்திலும் தவறு நேரும். அதைப் பிறர் கண்டுபிடிக்க வேண்டுமானால் விவரங்கள் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். அந்த ஐந்து தொகுதிகளையும் இன்று இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம்.

இதற்கு நேர்மாறானது ஜப்பானின் வழி. முத்து வளர்ப்பு முறை மேலோட்டமாகச் சொன்னால் எளிது. ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவில் சிறு துண்டை வெட்டி, ஓட்டில் கடைந்த மணியுடன் சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைக்க வேண்டும். திசு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, முத்துப்பொருளை அடுக்கடுக்காகப் பூசும். சூட்சுமம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சூட்சுமத்தை ஜப்பான் வெளியாருக்குச் சொல்லாமல் காத்துவந்தது. ஆகவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் தாமே முயன்று கற்க வேண்டியதாயிற்று. 1973 ஜூலையில் உருண்டையான முத்து கிடைத்தது. அவர்கள் அதை ஒளித்துவைக்கவில்லை. 1987இல் அந்நிலையம் முத்து வளர்ப்பு பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. இன்று அது நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாராட்ட வேண்டிய செயல் இது.

ஆனால் உலகெங்கும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில் பல இப்படித் திறந்து கிடக்கவில்லை. அரசு ஊதியத்தில் விஞ்ஞானி ஆராய்கிறார், கட்டுரை எழுதுகிறார். வேறு விஞ்ஞானிகள் கூலியின்றி அதைப் பரிசீலித்துக் கொடுக்கிறார்கள். பதிப்பகம் அச்சேற்றி, அதே விஞ்ஞானியின் நூலகத்துக்குப் பெரும் சந்தாவுக்கு விற்கிறது. உழுதவனும் நாமே, விதைத்தவனும் நாமே. களஞ்சியச் சாவி மட்டும் அயலாரிடம்! இதை எதிர்த்து ஹெரால்ட் வார்மஸ், பேட்ரிக் பிரவுன், மைக்கேல் ஐசன் என்ற மூன்று அமெரிக்க உயிரியலாளர்கள் ஓர் இயக்கம் தொடங்கி, 2003இல் எவரும் படிக்கக்கூடிய ஓர் உயிரியல் சஞ்சிகையை வெளியிட்டார்கள். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் தன் நிலையங்களின் கட்டுரைகள் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்று 2013இல் விதித்தது.

இப்போது நம் அரசு எடுத்துள்ள வழியைப் பார்ப்போம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள். இதனால் சிறிய ஊரின் அரசுக் கல்லூரி மாணவருக்கும் பெரிய நகரத்து ஆராய்ச்சியாளருக்கும் ஒரே நூலகம் வாய்க்கிறது. இது சிறிய நன்மை அன்று.

எனினும் இது வாடகை வீடு. ஆண்டுக்கு ரூ. 2,000 கோடி கொடுக்கும்வரை கதவு திறந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் பேரம். மேலும் திட்டம் அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கானது. தருவைகுளத்துப் பள்ளி ஆசிரியர், மீனவர் சங்கச் செயலாளர், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஆகியோருக்குக் கதவு மூடியே இருக்கிறது. இதைவிடக் குறைந்த செலவில் நம் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அனைத்தையும் பொதுக் களஞ்சியங்களில் நிரந்தரமாக வைக்கலாம். 2013இன் விதியைக் கண்டிப்புடன் நடத்தினாலே பாதி வேலை முடியும்.

“எல்லாவற்றையும் இலவசமாகப் படிக்க விடுகிறோம், எழுதுபவர் பணம் கட்டட்டும்” என்று சில பதிப்பகங்கள் சொல்கின்றன. இதிலும் ஏமாறக் கூடாது. ‘நேச்சர்’ சஞ்சிகை 2021இல் இதற்கு நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஆய்வு செய்யும் ஒருவர் இதற்கு எங்கே போவார்? வாசிப்பவர் வாசலில் இருந்த பூட்டை எழுதுபவர் வாசலுக்கு மாற்றியதுதான் மிச்சம்.

இன்னொரு பூட்டு உண்டு. அதற்குப் பதிப்பகங்களைக் குறை சொல்ல முடியாது. வேப்பலோடை முத்து பற்றிய அந்த வெளியீடு ஆங்கிலத்தில் இருக்கிறது. சங்கு குளிப்பவருக்கு அது திறந்த கதவா, சுவரா? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிப்படி, ஒரு பெருந்தொழிற்சாலைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது, அதன் பாதிப்பு அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் தர வேண்டும். ஆலைக்கு இருக்கும் இந்தக் கடமை ஆராய்ச்சிக்கும் இருக்கலாமே! கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அந்தத் தடைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஆராய்ச்சியைக் கரையில் வலையுடன் காத்திருப்பவர் தம் மொழியில் படித்துக் கேள்வி கேட்க முடிய வேண்டும். கேள்வி கேட்க வழியில்லாத இடத்தில் விஞ்ஞானம் வெறும் உத்தரவாகத்தான் போய்ச் சேரும். அரசியல் அந்த உத்தரவைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்ளும்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. நம் பணத்தில் நடந்த ஆராய்ச்சி பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். நம் கடலைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வுடனும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இருக்க வேண்டும். ஆய்வு செய்தவரே அதை எழுதலாம். அதற்கு ஆறாயிரம் கோடி தேவையில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்காட்சியோ கருத்தரங்கோ நடத்தினால், சென்று இந்த இரண்டையும் கேளுங்கள்.