எமிலியா இல்லாத ஒத்தெல்லோ

‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் கல்லூரி மேடையில் ஆங்கிலத்திலேயே ‘ஒத்தெல்லோ’ நடிக்கிறார்கள். பெரும்பாக்கம் வீட்டில், கணினியில் அக்காட்சியை மீண்டும் பார்த்தேன். எல்லோரும் வியப்பது சிவாஜியின் சீற்றத்தை; என் கண் சாவித்திரியை விட்டு அகலவில்லை. வெறும் சந்தேகத்துக்காக டெஸ்டிமோனா சாகிறாள்.

அந்தச் சந்தேகம் மேடையோடு முடியவில்லை. சீனப் போர் வந்ததும் நாயகியைத் துரோகி என்கிறார்கள்; நாட்டுக்காக உளவு பார்த்தவள் என்பது பிறகே தெரிகிறது. மேடையில் கற்பு, போரில் தேசப்பற்று: நிரூபிக்கும் சுமை இரண்டிலும் பெண்ணுக்குத்தான்.

ஷேக்ஸ்பியர் கொலையோடு நிறுத்தவில்லை. எமிலியா வருகிறாள், உண்மையை உரக்கச் சொல்கிறாள், கணவன் இயாகோவின் கையால் சாகிறாள். கொலைக்காட்சியை மட்டும் துண்டாக எடுத்தால் மிஞ்சுவது நாயகனின் துயரம். இக்காட்சியை வகுப்பில் காட்டுபவர்கள் எமிலியாவின் பேச்சையும் சேர்த்து வாசிக்கட்டும்.