துவர்ப்பு கனியும் காலம்

பரோலோ ஒயினைக் கோப்பையில் ஊற்றியதும் கண் ஏமாந்துவிடும். இத்தாலியின் வடமேற்கே, ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து எடுக்கும் ஒயின் அது; அந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே நிறம் குறைவு. போர்டோ ஒயினின் கருஞ்சிவப்பைப் பார்த்துப் பழகியவருக்கு இது தண்ணீர் கலந்ததுபோலத் தோன்றும். இளவயதிலேயே விளிம்பில் செங்கல் சாயல் தட்டத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து முதிர்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்தால் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு துவர்ப்பு.

இந்தத் துவர்ப்பைப் பேச நம்மிடம் தனிச்சொல்லே இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அறுசுவையில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, நாவற்பழத்திலும் வாழைப்பூவிலும் கொட்டைப்பாக்கிலும் அதன் வேறுபாடுகளை அறிந்த நாக்கு நம்முடையது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவதும் அதே துவர்ப்புதான். பழைய சிவப்பு ஒயின் பதத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், நிறத்தையும் வயதையும்விட நான் நம்புவது இந்தத் துவர்ப்பைத்தான்.

ஒரு நவம்பரில், செர்ரலுங்கா ஊரின் நிலவறை ஒன்றில், 2010, 2000, 1996 என்று மூன்று ஆண்டுகளின் பரோலோவை அடுத்தடுத்துச் சுவைக்கக் கிடைத்தது. வெளியே பள்ளத்தாக்கு தெரியாதபடி மூடுபனி. பனிமூட்டத்துக்கு இத்தாலிய மொழியில் ‘நெபியா’ என்று பெயர். அதிலிருந்துதான் நெபியோலோ என்ற பெயர் வந்தது என்று அங்கே சொல்கிறார்கள். மற்ற திராட்சைகளைப் பறித்து முடித்த பிறகும் கொடியிலேயே கிடந்து, அக்டோபரில் பழுக்கும் பழம் அது.

முதலில் 2010. சட்டப்படி 38 மாதங்கள், அதில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் கிடந்த பிறகே பரோலோ விற்பனைக்கு வர முடியும். விற்கலாம் என்பது வேறு, குடிக்கலாம் என்பது வேறு. செர்ரியும் புது ரோஜாவும் மூக்கை நிறைத்தன. வாயில் புளிப்பு ஒருபக்கம் நின்றது, துவர்ப்பு ஒருபக்கம் நின்றது, நடுவே பழம். மூன்றும் அருமை, மூன்றும் ஒன்றோடொன்று இன்னும் பழகவில்லை. விழுங்கிய பிறகு வாயில் மிஞ்சியது துவர்ப்பு மட்டுமே. இது இன்னும் காய்.

2000 வெப்பமான ஆண்டு. அந்தப் புட்டி மட்டும் லா மோர்ராவிலிருந்து வந்தது. செர்ரலுங்கா மண்ணின் இறுக்கம் அந்த ஊர் ஒயினுக்கு இருப்பதில்லை. மெத்தென்று, உலர்ந்த அத்திப்பழம்போல இனிமையாக இறங்கியது. ஆனால் புளிப்பு தளர்ந்திருந்தது. இதற்கு மேல் ஏற அதற்கு இடமில்லை.

1996 புட்டியை முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நிலவறைக்காரர் புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, கை அசையாமல், மெல்ல மெல்லக் குடுவைக்குள் சரித்தார். கழுத்தில் கருநூல்போல வண்டல் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அந்த வண்டல் வேறொன்றுமில்லை. டானினும் நிறப்பொருளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் தங்கியவை. ஒரு காலத்தில் நிறமாகவும் துவர்ப்பாகவும் இருந்தவற்றின் ஒரு பங்கு அங்கே கிடந்தது.

வெள்ளைத் துணிக்கு மேல் கோப்பையைச் சாய்த்தால் நடுவில் மாதுளை, விளிம்பில் பழைய செங்கல். முதல் பத்து நிமிடம் மணம் பிடிகொடுக்கவில்லை. நனைந்த சருகு, காளான், அவ்வளவுதான். பிறகு காய்ந்த ரோஜா இதழ் வந்தது. அதன் பின்னால் புதிதாகப் போட்ட சாலையின் தார். நெபியோலோவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் தாரையும் ரோஜாவையும் சேர்த்தே சொல்வார்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே கோப்பையில் இருக்கும் என்ற சந்தேகம் எனக்கு அன்று தீர்ந்தது. அரைமணி கழித்து அதிமதுரம், அதற்கும் கடைசியில் கற்பூரத்தின் குளிர்ச்சி லேசாக.

வாயில் துவர்ப்பு போய்விடவில்லை. கல்லில் இழைத்த சந்தனம்போல நைந்து, நாக்கு முழுவதும் ஒரே சீராகப் படிந்தது. புளிப்பு உயிரோடு இருந்து வாயில் நீரூற வைத்தது. விழுங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு எழுமே, அதுபோல ஓர் இனிமை எழுந்து நெடுநேரம் நின்றது. இத்தனைக்கும் ஒயினில் சர்க்கரை என்று சொல்ல ஏதுமில்லை. துவர்ப்பு முன்னே வந்து, இனிமை பின்னே தங்கினால் ஒயின் பதமாகிவிட்டது. முறை மாறி, இனிமை முதலில் வந்து துவர்ப்பு கடைசியில் தங்கினால் பொறுத்திருக்க வேண்டும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. துவர்ப்பு கனிவதற்குள் பழம் வற்றிப்போன ஒயின்களை நான் குடித்திருக்கிறேன். நடுவரை பழுப்பேறி, காடியின் நெடி அடித்து, வெறும் புளிப்பும் துவர்ப்புமாக நிற்கும். இனி எத்தனை ஆண்டு வைத்தாலும் அது திரும்பாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு புட்டிகள்கூட ஒன்றுபோல முதிர்வதில்லை. தக்கைக்குத் தக்கை உள்ளே புகும் காற்று மாறும். 12, 13 டிகிரி குளிரில் படுக்க வைத்திருந்த புட்டியும், சமையலறை அலமாரியில் நின்றிருந்த புட்டியும் ஒரே வயதல்ல.

செர்ரலுங்காவின் 1996 கையில் இருப்பவர்கள் இனித் தயங்க வேண்டாம். முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள், திறந்த பிறகு அரைமணியாவது கோப்பையில் விட்டுப் பாருங்கள். அதே ஊரின் 2010 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடாதிருங்கள்.