சாயாத கார்

குன்னூரில் இருக்கும் கல்லூரி நண்பன் போன் செய்து, "டேய், காருக்கு ஸ்வே பார் போட்டிருக்கேன். வந்து ஓட்டிப் பாரு, அசந்துடுவே" என்றான். மலைப்பாதையில் ஓடுகிற காருக்குள் பார் எதற்கு என்று கேட்டேன். அரை நிமிஷம் திட்டினான்.

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப் பாஷையில் அதற்கு ஸ்டெபிலைசர் ராடு என்று பெயர். 'ப' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஓர் இரும்புக் கம்பி. உங்கள் காரிலும் அநேகமாக முன்பக்கம் ஒன்று இருக்கும். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் அது இணைக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பிக்கு வேலை இல்லை. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு, சாயாதே என்று தடுக்கும். கனடாக்காரர் ஒருவர் 1919-லேயே பேடன்ட் வாங்கிவிட்ட பழைய சமாசாரம். நம்மாட்கள் கழற்றிவிட்டுத் தடிமனாக ஒன்றை வெளியே வாங்கி மாட்டுவதுதான் புதுசு.

நண்பனைக் குறை சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவன் மனைவிக்கு மூன்றாவது வளைவிலேயே வயிறு புரட்டும். கையில் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். இருபது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர் "இதைப் போட்டா வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகுங்க சார்" என்று சொன்னதும் விழுந்துவிட்டான். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறானாம். பத்திரிகையில் எழுதிவிடாதே என்று கேட்டுக்கொண்டான்.

பழைய கம்பி 20 மில்லிமீட்டர், புதுசு 22. "ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர்தான்டா வித்தியாசம்" என்றான். இங்கேதான் பி.காம். படித்தது எனக்கு உதவியது. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்கிறார்கள் என்ஜினீயர்கள். அதாவது பத்து பர்சன்ட் வட்டியை நாலு வருஷத்துக்குக் கூட்டுவட்டியாகப் போட்ட கணக்கு. 100 ரூபாய் 146 ஆகும். இரண்டு மில்லிமீட்டரில் 46 பர்சன்ட் விறைப்பு! எந்த பேங்க்கிலும் கிடைக்காத வருமானம். வருமானமா, கடனா என்பதுதான் கேள்வி.

குன்னூரிலிருந்து பர்லியாறு வரை இறங்கினோம். உள்ளதைச் சொல்லவேண்டும். முதல் நாலு வளைவுகளில் அசந்துதான் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புகிறது. சாய்ந்து, யோசித்து, அப்புறம் கிளம்புகிற பழக்கமெல்லாம் போய்விட்டது. டயர் தரையில் நேராக நிற்பதால் நல்ல ரோட்டில் பிடிப்பும் கொஞ்சம் கூடும்.

ஐந்தாவது வளைவில் மழைத்தண்ணீர் அரித்த ஒரு பள்ளம். இடது சக்கரம்தான் விழுந்தது. ஆனால் அடி கார் முழுக்கக் கேட்டது. தலை ஜன்னலில் இடித்தது. கம்பி இரண்டு சக்கரங்களுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டதால், ஒன்றின் கஷ்டத்தில் மற்றதும் பங்கு கேட்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகு மலை ரோடுகளின் ஓரம் எப்படியிருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். நாற்பது. இவன் இந்த ரோட்டில் இருபத்தைந்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"இப்ப வாந்தி வர்றதில்லையாம்மா?" என்று பின் சீட்டில் கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. முன்னாடி வயிறு புரட்டும். இப்ப வயித்துல புளியைக் கரைக்குது."

இந்தக் கம்பியைப் பற்றி நான் எழுத நினைத்த விமரிசனத்தை அவரே ஒரே வரியில் எழுதிவிட்டார். கார் சாய்வது அசிங்கம்தான், அசௌகரியம்தான். ஆனால் அது கார் நம்மிடம் பேசுகிற பாஷை. 'கொஞ்சம் மெதுவா போப்பா' என்று இடுப்பை வளைத்துச் சொல்கிறது. தடிக்கம்பி அதன் வாயைக் கட்டிவிடுகிறது. வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிற மொத்த பாரத்தைத் தீர்மானிப்பது காரின் உயரம், அகலம், வேகம். கம்பி அதைக் கிட்டத்தட்டக் குறைப்பதே இல்லை. முன்பக்கமா பின்பக்கமா, யார் அதிகம் சுமப்பது என்று கணக்கை மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான். முன்கம்பி அதிகத் தடிமன் என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பின்கம்பி தடிமன் என்றால் வால் வெளியே வீசும். இரண்டுமே கர்நாடகா பஸ் எதிரே வராத இடத்தில் பரவாயில்லை.

அப்படி ஓர் இடம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் கார்கள் செய்த எஸ்.கரிவர்தனின் பெயரில் 2003-ல் திறந்தது. ஒரே திசை, வழவழப்பான தார், தவறினால் ஓரத்தில் வெற்று நிலம். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் அர்த்தமுள்ளது. அந்த ரேஸ்காரர்களே மழை வந்தால் கம்பியைத் தளர்த்துவார்கள், சில சமயம் கழற்றியே விடுவார்கள். ஈர ரோட்டில் விறைப்பு ஆகாது. நீலகிரியிலோ வருஷத்தில் பாதி நாள் ரோடு ஈரம், மீதியில் பாதி பனிமூட்டம்.

ரோட்டின் சரித்திரத்தையும் பாருங்கள். 1820-களில் ஜான் சல்லிவன் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டார். இப்போதைய குன்னூர் பாதையை அமைத்த கர்னல் லாவின் பெயரில் வழியில் ஓர் அருவியே இருக்கிறது, லாஸ் ஃபால்ஸ். அவர்கள் மனதில் இருந்தது மாட்டுவண்டி, குதிரை வண்டி. வளைவுகளின் வேகம் அன்றே நிர்ணயமாகிவிட்டது.

இன்னொன்று, மலையில் ஆபத்து அதிகம் இறங்கும்போதுதான். அப்போது கொதிப்பது பிரேக். ஏறின கியரிலேயே இறங்கு என்று இலை லாரி டிரைவர்கள் சொல்வார்கள். லாரிப் பட்டை மேலே குலுங்கிக்கொண்டு, இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு, சாயந்திரம் வீடு போய்ச் சேருகிறார்கள். பிரேக் விஷயத்தில் ஸ்வே பார் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாது. 2018 அக்டோபரில் கல்லட்டி மலைப்பாதையில் சென்னைக்காரர்கள் ஏழு பேர் போன கார் கவிழ்ந்து, இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்கும் கம்பிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 36 வளைவுகள் உள்ள அந்தப் பாதையை நினைத்தால், வேகமாகப் போக தைரியம் தருகிற எந்தச் சாமானையும் வாங்க எனக்கு மனசு வருவதில்லை.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஸ்வே பாரை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை என்பான் நண்பன். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் குனிந்து பார்ப்பார்.

பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கும்போது டயரைப் பார்த்தேன். வழுக்கை. "பழைய கம்பியோட ரப்பர் புஷ் மாத்தினியா?" என்று கேட்டேன். பத்து வருஷக் காரில் பாதி ஆட்டம் தேய்ந்த புஷ்ஷிலும் லிங்க் ராடிலும் செத்த ஷாக் அப்சர்பரிலும்தான் வரும். சில நூறு ரூபாய் ரப்பரை மாற்றியிருந்தாலே சாய்வு குறைந்திருக்கலாம். கடைக்காரர் அதைப் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லையாம். அதில் என்ன லாபம் வரும் அவருக்கு?

"டயர் அடுத்த மாசம்டா. மொதல்ல பின்னாடிக்கு ஒரு பார் சொல்லியிருக்கேன்" என்றான்.

பின் சீட்டிலிருந்து அவன் மனைவி, மலை ரயிலில் குன்னூருக்கு டிக்கெட் எப்படிப் போடுவது என்று என்னிடம் தனியாக விசாரித்தார். 1899-லிருந்து பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிற ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமே என்றேன்.

"ஆகட்டுங்கண்ணா. அது நிஜமாவே தண்டவாளத்துல போகுதில்ல?"