வணக்கத்துக்குள் ஒளியும் பெருமை: இக்லாஸ் குறித்த இஸ்லாமியச் சிந்தனை மரபு

குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான ‘அல்மாஊன்’ ஏழே வசனங்கள் கொண்டது. தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று அது எச்சரிக்கிறது. தொழுகையில் கவனமற்றவர்களையும், பிறர் பார்க்க வேண்டும் என்று தொழுகிறவர்களையும், அக்கம்பக்கத்தார் கேட்கும் சிறு புழங்குபொருளைக்கூடக் கொடுக்க மனம் வராதவர்களையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இக்லாஸ் என்னும் உள்ளத்தூய்மை, அதைக் கெடுக்கும் ரியா என்னும் முகஸ்துதி, இரண்டுக்கும் அடியில் வேரோடிக் கிடக்கும் கிப்ர் என்னும் பெருமை ஆகியவற்றைப் பற்றி முஸ்லிம் ஞானிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வந்திருக்கிறார்கள். அந்தப் பெரும் எழுத்துக்கான வித்து இந்தச் சிறிய அத்தியாயத்திலேயே இருக்கிறது.

இந்த நூல்களை ஊன்றிப் படிக்கிறவருக்கு ஓர் உண்மை புலப்படும். பெருமை எங்கிருந்தோ வந்து வணக்கத்தைத் தாக்குவதாக இந்த ஆசான்கள் எண்ணவில்லை. அது வணக்கத்திலிருந்தே முளைக்கிறது. வணக்கம் பெருகப் பெருக அதற்கும் தீனி பெருகுகிறது. ஆகவே மருந்தைத் தனிமையில் மட்டும் தேடிப் பயனில்லை. பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் நோயும் தெரியும், குணமும் தெரியும். இந்த மரபின் ஆகச்சிறந்த கண்டுபிடிப்பு இதுவே என்று கருதுகிறேன்.

அடித்தளம்

குர்ஆன் காட்டும் இப்லீஸ் என்னும் ஷைத்தான் இறைவனை மறுத்தவன் அல்லன்; இறைவனோடு நேரில் பேசியவன். ஆதமுக்குச் சிரம் பணியச் சொன்னபோது, தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஆதமோ களிமண்ணால் ஆனவர் என்று கணக்குப் பார்த்தான். அந்த ஒப்பீட்டிலேயே அவன் வீழ்ந்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு விளக்கம் இங்கே முக்கியமானது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அது. அணுவளவு பெருமை உள்ளவரும் சுவர்க்கம் புகமாட்டார் என்று நபிகள் சொன்னபோது, நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்கிறார். அழகை இறைவனும் விரும்புகிறான் என்று விடை வருகிறது. உண்மையை ஏற்க மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று வரையறையும் கிடைக்கிறது. உடை, நடை, தோற்றம் எல்லாம் விலகி, பெருமை இரண்டே செயல்களுக்குள் அடங்கிவிடுகிறது.

அதே தொகுப்பில் இன்னொரு ஹதீஸ், மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோரைச் சொல்கிறது: போரில் உயிர் துறந்தவர், கல்வி கற்றுக் குர்ஆன் ஓதியவர், வாரி வழங்கியவர். மூவருமே பேர் வாங்கச் செய்தவர்கள் என்பதால் தண்டிக்கப்படுகிறார்கள். இமாம் புகாரி தமது தொகுப்பைச் செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்னும் ஹதீஸோடு தொடங்கியதும் இந்தக் கவலையின் ஆழத்தைக் காட்டுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இஸ்லாமிய வணக்கம் பெரும்பாலும் பொதுவெளியில் நிகழ்கிறது. பாங்கு சொல்லி அழைக்கிறார்கள். தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஹஜ்ஜுக்கு ஊரறியப் புறப்படுகிறார்கள். ஒளிந்து வணங்கு என்று சொல்லி இந்தச் சமூகம் தப்பித்துவிட முடியாது. பலர் கண்ணெதிரே நின்றுகொண்டே இறைவன் ஒருவனுக்காக மட்டும் வணங்குவது எப்படி? இந்த மரபின் நூல்கள் எல்லாம் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

பஸராவும் பக்தாதும்

முதல் விடைகள் ஈராக்கின் பஸராவிலிருந்து வந்தன. ஹஸன் அல்பஸ்ரி (இறப்பு 728) பயபக்தியையும் தன்னைத் தானே கண்டிப்பதையும் போதித்தார். எட்டாம் நூற்றாண்டின் பெண் ஞானி ராபிஆ, நரக பயமும் சுவர்க்க ஆசையும்கூட வணக்கத்தில் கலக்கக் கூடாது என்று சொன்னவராக நினைக்கப்படுகிறார். அவரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் சேர்ந்தது என்பதை ருகையா கார்னெலின் 2019ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது. ஆயினும் இக்லாஸின் உச்சத்தைச் சொல்ல முஸ்லிம் உலகம் ஒரு பெண்ணையே தேர்ந்துகொண்டது என்பது வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இந்த உணர்வைப் பகுத்தாராய்ந்து துறையாக்கியவர் ஹாரிஸ் அல்முஹாஸிபி. பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 857இல் மறைந்தார். மாணவர் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் முறையில் அமைந்த அவரது ‘அர்ரிஆயா’வில் முகஸ்துதிக்கே பெரும் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓர் எண்ணம் உள்ளத்தில் எழுவது, அதை உள்ளம் விரும்புவது, அதற்கு இசைவது என்று படிப்படியாகப் பிரித்து, எந்த இடத்தில் மனிதன் பொறுப்பாளி ஆகிறான் என்று அவர் ஆராய்கிறார். இந்நூலை மார்கரெட் ஸ்மித் 1940இல் பதிப்பித்தார். யோசஃப் வான் எஸ் 1961இல் முஹாஸிபியின் சிந்தனை உலகைத் தனி ஆய்வாக்கினார். மேற்கத்திய ஆய்வுலகம் அவரை மனத்தின் நுண் ஆய்வாளராக மதிப்பதற்கு இவ்விரண்டும் வழிவகுத்தன.

நைஸாபூரின் மலாமத்திகள்

ஒன்பதாம் நூற்றாண்டில் குராஸானின் நைஸாபூரில் வேறொரு விடை பிறந்தது. ஹம்தூன் அல்கஸ்ஸார் (இறப்பு 884) முன்னின்ற குழுவினர் ‘பழி ஏற்போர்’ என்னும் பொருளில் மலாமத்திகள் எனப்பட்டனர். துறவிக்குரிய தனி உடை இல்லை. பிறர் அறியத் தியானமோ கண்ணீரோ இல்லை. கடைத்தெருவில் தொழில் செய்து, நன்மையை மறைத்து, குறை வெளியே தெரிந்தால் தெரியட்டும் என்று இருந்தார்கள். அதே ஊரில் கர்ராமிய்யா பிரிவினர் துறவை வெளிப்படையாகக் காட்டி மக்களை ஈர்த்து வந்தனர். அதற்கான மறுவினையும் இவர்கள் போக்கில் உண்டு என்பது ஸாரா ஸ்விரி போன்ற ஆய்வாளர்களின் கருத்து. இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு, அதே ஊர்க்காரரான ஸுலமி (இறப்பு 1021) எழுதிய சிற்றேட்டிலிருந்து கிடைப்பது. அபுல் அலா அஃபீஃபி அதை 1945இல் கெய்ரோவில் பதிப்பித்தார்.

லாகூரில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி ஹுஜ்வீரி, ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் இந்தப் போக்கை விளக்க, ஞானி பாயஸீத் பிஸ்தாமியின் கதை ஒன்றைச் சொல்கிறார். ஹிஜாஸிலிருந்து திரும்பிய அவரை ரய் நகரமே திரண்டு வரவேற்கிறது. கூட்டத்தின் மரியாதையில் தம் நெஞ்சு இறைவனை மறப்பதை உணர்ந்தவர், சட்டைக் கையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துத் தின்கிறார். அது ரமழான் மாதம். பயணி என்பதால் நோன்பை விட அவருக்குச் சட்டத்தில் இடமுண்டு. கூட்டம் அதை யோசிக்கவில்லை, கலைந்துபோயிற்று.

கதை மனத்தைத் தொடுகிறது. ஆனால் அதைச் சொன்ன ஹுஜ்வீரியே கையோடு ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: பழியைத் தேடிப் போகிறவரும் புகழைத் தேடிப் போகிறவரும் மக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னர் உமர் ஸுஹ்ரவர்தியும் (இறப்பு 1234) இதே காரணத்தால் மலாமத்தியைச் சூஃபிக்கு ஒரு படி கீழே வைத்தார். மறைக்க வேண்டும் என்று நினைக்கிறவரின் கண்ணில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள். முழுமை பெற்றவரோ அவர்களை மறந்துவிடுகிறார். இந்த விவாதம் இக்லாஸ் பற்றிய சிந்தனையை வெகுவாக முன்னே நகர்த்தியது. காட்டுவதும் மறைப்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகலாம் என்று அது கற்றுத் தந்தது.

கஸ்ஸாலி: நோயும் மருந்தும்

இவ்வளவையும் உள்வாங்கி, தம் வாழ்வையும் அதில் வைத்துச் சோதித்தவர் இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (1058–1111). 1091இல் பக்தாதின் நிஸாமிய்யா கல்லூரியில் உயர்ந்த பொறுப்புக்கு வந்தார். நான்கே ஆண்டுகளில், தமது போதனையைத் தூண்டுவது பதவியும் பேரும்தான் என்று அவருக்கே உறைத்தது. நா எழாமல், உணவும் இறங்காமல் போன அந்த 1095ஆம் ஆண்டை ‘அல்முன்கிஃத்’ என்னும் தன்வரலாற்று நூலில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்றார். 1106இல் நைஸாபூரில் மீண்டும் போதிக்கத் தொடங்கியபோது, முன்பு பேர் சேர்க்கும் கல்வியைப் புகட்டியதாகவும் இப்போது பேரைத் துறக்கும் கல்வியைப் புகட்டுவதாகவும் வேறுபாடு சொன்னார். அவரை அறிந்திருந்த அப்துல் ஃகாஃபிர் அல்ஃபாரிஸி, இந்த மாற்றம் பாசாங்கோ என்று முதலில் ஐயுற்று, பலமுறை நேரில் பார்த்துப் பழகிய பிறகே அது மெய் என்று தெளிந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

நாற்பது பாகங்கள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் 28ஆம் பாகம் புகழாசையையும் முகஸ்துதியையும், 29ஆம் பாகம் பெருமையையும் தற்பெருமையையும், 37ஆம் பாகம் எண்ணத்தையும் தூய்மையையும் பேசுகின்றன. தற்பெருமைக்கு ஒரே ஆள் போதும். பெருமைக்கோ கீழே வைத்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும் என்று அவர் பிரிக்கிறார். பெருமைக்குக் காரணமாக ஏழு பொருள்களை அடுக்கும்போது கல்வியை முதலிலும் வணக்கத்தை இரண்டாவதாகவும் வைக்கிறார். குலம், அழகு, பலம், செல்வம், ஆள்பலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆலிம் என்னும் அறிஞருக்கும் ஆபித் என்னும் வணக்கசாலிக்கும் இதைவிடக் கடுமையான எச்சரிக்கை இருக்க முடியாது.

நோய் போய்விட்டதா என்று அறிய அவர் தரும் சோதனைகள் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. விவாதத்தில் எதிராளியின் வாயிலிருந்து உண்மை வந்தால் அதை ஏற்று அவருக்கு நன்றி சொல்ல முடிகிறதா? சபையில் நிகரானவரை முன்னிறுத்திப் பின்னே அமர முடிகிறதா? ஏழையின் விருந்துக்குப் போக முடிகிறதா? வீட்டுச் சாமானைக் கடைத்தெருவிலிருந்து தானே சுமந்துவர முடிகிறதா? முரட்டுத் துணி உடுத்த முடிகிறதா?

ஒவ்வொன்றிலும் அவர் பார்வை மிக நுட்பமாக இறங்குகிறது. ஆளில்லாத தெருவிலும் சுமக்கக் கூச்சம் வந்தால் அது பெருமை. ஆள் பார்க்கும்போது மட்டும் வந்தால் அது முகஸ்துதி. சபையில் பின்வாங்கும் விஷயத்தில் இன்னொரு பொறியையும் காட்டுகிறார். நிகரானவர்களுக்கு அடுத்து உட்காராமல், செருப்பு கழற்றும் இடம்வரை போய் உட்காருகிறவர் பணிவைக் காட்டுவதாக நினைக்கிறார். உண்மையில் தமக்குரிய இடத்தைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவராகத் தோன்றவே விரும்புகிறார் என்கிறார் கஸ்ஸாலி. இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நம் மேடைகளையும் சபைகளையும் நினைக்காமல் இருக்க முடியாது.

முகஸ்துதி வந்துவிடுமோ என்று அஞ்சி நற்செயலையே விட்டுவிடலாமா? கூடாது என்பது அவர் முடிவு. ஷைத்தான் விரும்புவதே அதைத்தான். செயலைத் தொடர்ந்துகொண்டே உள்ளத்தைத் திருத்த வேண்டும்.

பின்வந்தோர்

ஹன்பலி அறிஞர் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) ‘தல்பீஸ் இப்லீஸ்’ நூலில் அறிஞர், பேச்சாளர், துறவி, சூஃபி என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே உரசிப் பார்த்தார். இப்னுல் கய்யிம் (1292–1350), ஹராத் நகர அன்ஸாரியின் நூலுக்கு எழுதிய ‘மதாரிஜுஸ் ஸாலிகீன்’ என்னும் பேருரையில் இக்லாஸைப் படித்தரங்களாக விரித்தார். சூஃபிகளைக் கண்டித்தவர்களும் சூஃபிகளும் இந்த ஒரு பொருளில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுவது கவனிக்கத்தக்கது.

ஷாதுலிய்யா என்னும் சூஃபி நெறியைச் (தரீக்கா) சேர்ந்த எகிப்திய ஞானி இப்னு அதாஇல்லாஹ் (இறப்பு 1309) தம் ‘ஹிகம்’ நூலில் இந்த மரபின் மிகத் துணிச்சலான கருத்தை வைத்தார். மனிதனை நொறுக்கித் தாழ்த்தும் பாவம், அவனைத் தலைநிமிர வைக்கும் வணக்கத்தைவிட மேல் என்பது அதன் சாரம். பாவத்துக்கு உரிமம் தரும் கூற்றாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை வைத்து வணக்கத்தை எடைபோடும் கூற்று இது. ஷாதுலிய்யா தரீக்கா காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றியது. இஹ்யாவின் பகுதிகளும் தமிழில் தனி நூல்களாக வந்திருக்கின்றன. எனவே தமிழ் வாசகருக்கு இந்த மரபு அந்நியமானதல்ல.

எஞ்சுவது

பிறரை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் கஸ்ஸாலி பயிற்சி தருகிறார். மூத்தவரைக் கண்டால் நமக்கு முன்பே வணங்கத் தொடங்கியவர் என்றும், இளையவரைக் கண்டால் நம்மைவிடக் குறைவாகப் பாவம் செய்தவர் என்றும், அறியாதவரைக் கண்டால் அவர் அறியாமல் தவறினார், நாம் அறிந்தே தவறினோம் என்றும் எண்ண வேண்டும். இறைமறுப்பாளரைக் கண்டாலும், அவர் முடிவு நல்லதாகவும் நம் முடிவு கெட்டதாகவும் அமையக்கூடும் என்ற அச்சம் வேண்டும். முடிவு எவருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையே இங்கே பணிவுக்கு அடிக்கல்.

வணக்கம் கண்ணுக்குத் தெரிவதும் எண்ணிக்கையில் சொல்லப்படுவதும் இன்று முன்னெப்போதையும்விட எளிது. உம்ராவுக்குப் போனவர் கஃபாவின் முன்னிருந்தே படம் அனுப்புகிறார். தர்மம் கொடுத்தவர் பெற்றவரின் முகத்தோடு பதிவிடுகிறார். அவர்களைப் பழிப்பதற்கு இந்த நூல்களைப் பயன்படுத்தினால், நாமும் அதே நோயில் விழுந்திருப்போம். முஹாஸிபியும் கஸ்ஸாலியும் எழுதியது பிறரை அளக்க அல்ல. நபிகள் தந்த வரையறை நமக்கு இரண்டு கேள்விகளை விட்டுச் செல்கிறது: நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைப்பவர் சொல்லும் உண்மையை ஏற்கிறோமா? நம்மைப் போல் வணங்காதவரை இழிவாக நினைக்காமல் இருக்கிறோமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத வரை, நம் தொழுகை இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை.