ஒரு கதையும் அதன் திருத்தமும்

கதையைத் திருத்துவதென்றால் ஒற்றுப்பிழை களைவதே என இளம் எழுத்தாளர் சிலர் கருதுகின்றனர். உருசிய ஆசிரியர் செகாவ் 1883-இல் எழுதிய 'தடித்தவனும் மெலிந்தவனும்' என்னும் சிறுகதையை நோக்குக. பள்ளித் தோழர் இருவர் இரயில் நிலையத்தில் எதிர்பாராது சந்தித்து மகிழ்கின்றனர். முதற்படியில், தோழனே தன் மேலதிகாரி என்றறிந்து மெலிந்தவன் நடுங்குகிறான். காரண காரியம் பொருந்தியிருந்தது. எந்த ஆசிரியரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும் 1886-இல் நூலில் சேர்த்தபோது செகாவ் அந்த அலுவல் உறவையே அடித்துவிட்டார். இப்போது தோழன் பெரும்பதவியினன் என்று கேட்ட அளவிலேயே மெலிந்தவன் முகம் வெளிறுகிறது, கூனிக் குறுகுகிறான். அதட்டியவர் எவருமிலர், பிழைப்புக்கும் இடையூறில்லை. அச்சம் அவனுள் முன்பே குடியிருந்தது. (தோட்டப்புற வாசகர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ!) அப்பணிவு கண்டு தடித்தவனே அருவருத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கைநீட்டி விடைபெறுகிறான்.