இரண்டு ரூபாய் தீப்பெட்டியும் ஒரு போன் நம்பரும்

எங்க ஊருக்குக் 'குட்டி சிவகாசி' என்று ஒரு பேர் உண்டு. லுங்கி, பீடி, தீப்பெட்டி, இந்த மூன்றும்தான் குடியாத்தத்தில் ரொம்பக் காலமாகப் பல வீடுகளுக்குச் சோறு போட்டவை. ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் தயாரித்தவர் பெயர், ஊர், எத்தனை குச்சி, என்ன விலை என்று அச்சாகியிருக்கும். 2007-லிருந்து ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய்க்கு ஏறிய பொருள் அது.

இவ்வளவு சின்னப் பொருளுக்கும் சட்டம் இருக்கிறது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருட்களுக்காக 2011-ல் வந்த எடையளவு விதிகள், பொருளில் குறை இருந்தால் வாங்கியவர் யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பொட்டலத்தின் மேலேயே போடச் சொல்கின்றன. பெயர், முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். எல்லாரும் ஒழுங்காகப் போடுகிறார்களா என்றால் சந்தேகம்தான். ஆனால் போடாமல் விட்டால் அது குற்றம். அதிகாரி வந்து அபராதம் போடலாம்.

இந்த விதியைப் பற்றி நான் யோசிக்கக் காரணம் எங்க சித்தப்பா.

சித்தப்பாவுக்கு லுங்கி வியாபாரம். இப்போது பாதி வியாபாரம் போனில்தான். போன வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுவாரம், சேலத்துக்கு அனுப்பிய பார்சல் ஒன்று ஐந்து நாளாக 'வழியில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. வாங்கியவர் தினமும் போன் செய்து திட்டுகிறார். பார்சல் கம்பெனியின் ஆப்பில் தேடினால் பேசுவதற்கு நம்பரே இல்லை. 'உதவி' என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் நான்கு கேள்விகள். நான்கில் எதுவும் அவருடைய கேள்வி இல்லை.

கடைசியில் கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துத் தேடினார். மேலே ஒரு நம்பர் வந்தது. அடித்தார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். நல்ல தமிழ். 'அண்ணா, உங்க பார்சல் பின்கோடு தப்பா இருக்குண்ணா, அஞ்சு ரூபா கட்டினா நாளைக்கே போயிடும்' என்றானாம். ஒரு லிங்க் வந்தது, ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான், ஐந்து ரூபாய்க்காக யுபிஐ ரகசிய எண்ணைத் தட்டினார். இருபது நிமிஷத்தில் 18,400 ரூபாய் போயிற்று. அந்த ஆப், அவர் போன் திரையை எதிராளிக்கு அப்படியே காட்டும் ஆப்.

அன்று சாயங்காலமே 1930-க்குப் போன் செய்தோம். புகார் எண் கிடைத்தது. பணம் அதற்குள் கணக்கு விட்டுக் கணக்கு தாண்டிவிட்டது, இன்றுவரை வரவில்லை. வங்கியில் 'ரகசிய எண்ணை நீங்களேதானே போட்டிருக்கீங்க' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விதியும் அப்படித்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கியிடம் சொல்லும் நேரம் வரைக்கும் அவரேதான் பொறுப்பு.

வீட்டில் ஆளாளுக்குத் திட்டினோம். நானும்தான். 'யாராவது நெட்ல நம்பர் தேடுவாங்களா சித்தப்பா?' என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, 'அப்போ எங்கடா தேடறது?' என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்ச நாளாகக் குறித்து வைத்தவைதான் இந்தக் கட்டுரை.

சித்தப்பா ஏமாந்தது புது வித்தையில் இல்லை. 2018-லேயே மகாராஷ்டிர சைபர் போலீசுக்கு இப்படிப் புகார்கள் வந்தன. கூகுள் மேப்ஸில் ஒரு கடையோ கிளையோ இருந்தால், யார் வேண்டுமானாலும் 'திருத்தம் சொல்லலாம்'. கடை மூடிவிட்டது, நேரம் மாறிவிட்டது என்று சொல்வதற்காக வைத்த வசதி. மோசடிக்காரர்கள் அதில் வங்கிக் கிளைகளின் போன் நம்பரை அழித்துத் தங்கள் நம்பரைப் போட்டார்கள். வாடிக்கையாளர் வங்கி என்று நினைத்துத் திருடனுக்கு அடித்தார். இன்னொரு வழி, நாம் எந்தச் சொல்லைத் தேடுவோமோ அதையே பத்து தடவை எழுதி வைத்த போலிப் பக்கங்கள். மூன்றாவது, சமூக ஊடகம். எக்ஸில் ஒரு வங்கியின் பேரைப் போட்டு 'என் பணம் வரவில்லை' என்று எழுதிப் பாருங்கள். வங்கி வருவதற்கு முன், அதே லோகோவோடு வேறு யாராவது வந்து 'உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பவும்' என்பார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். திருடன் இங்கே யாரையும் தேடி வரவில்லை. ஆட்கள்தான் உதவி தேடி அவனிடம் போகிறார்கள். கம்பெனி ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறது, அதில் அவன் உட்கார்ந்திருக்கிறான். வேலையையும் கம்பெனியை விட ஒழுங்காகச் செய்கிறான். இரண்டாவது ரிங்கில் எடுக்கிறான், தமிழில் பேசுகிறான், 'அண்ணா' என்கிறான், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுவதில்லை.

'கோடிக்கணக்கான பேருக்கு இலவசமாகக் கொடுக்கும் சேவை, ஒவ்வொருத்தருக்கும் போன் எடுக்க முடியுமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் முடியாத காரியமாக இருந்தால் யாருக்குமே எடுக்க முடியாதில்லையா? கூகுளில் காசு கட்டி விளம்பரம் கொடுப்பவரோடு பேச ஆள் உண்டு. 'கூகுள் ஒன்' என்று மாதச் சந்தா கட்டுகிறவருக்கும் ஆள் உண்டு. ஒன்றும் கட்டாதவருக்கு 'ஹெல்ப் கம்யூனிட்டி'. அங்கே பதில் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பயனர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒரு கடையின் கல்லாவில் முதலாளி இல்லாமல், சாமான் வாங்க வந்தவர்களே ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லிக்கொள்வது போல.

மெட்டா இன்னும் வெளிப்படை. 2023-ல் 'மெட்டா வெரிஃபைடு' என்ற சந்தாத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது, அதன் பலன்களில் ஒன்றாகச் சொன்னது, கணக்கில் பிரச்சினை வந்தால் நிஜ மனிதரின் உதவி கிடைக்கும் என்பது. உங்கள் பேரில் யாராவது போலிக் கணக்கு தொடங்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பலன். அந்த ஜூன் மாதம் இந்தியாவுக்கு வந்தபோது போனில் மாதம் 699 ரூபாய். பூட்டும் சாவியும் சேர்ந்து வரும் என்று நினைத்துக் கதவு வாங்கினோம். சாவிக்குத் தனியாக மாத வாடகை என்கிறார்கள்.

ஆக, ஆள் இல்லை என்பது பிரச்சினையே இல்லை. யார் வாடிக்கையாளர் என்பதுதான் பிரச்சினை. விளம்பரம் கொடுக்கிறவர் வாடிக்கையாளர். சித்தப்பா அந்த விளம்பரத்தைப் பார்க்கிற கண்.

சட்டம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். பொதுவாக 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று இருந்தது, 2026 பிப்ரவரியிலிருந்து 7 நாள். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகமாக இருந்தால் அந்த அலுவலர் இந்தியாவில் வசிக்க வேண்டும். அவர் பதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு மூன்று குழுக்கள் அமைத்தது. ஆன்லைன் வியாபாரத் தளங்களுக்கும் 2020-லிருந்து இதே போல விதி: 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

தாளில் எல்லாம் சரி. அந்த அலுவலரின் பெயரைத் தேடி நீங்களே ஒரு தளத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்தின் அடி வரைக்கும் உருட்டி, சட்டக் குறிப்புகளுக்குள் போய், ஆங்கிலத்தில் நாலு பத்தி தாண்டினால் வரலாம். தீப்பெட்டிக்காரரிடம் 'பொட்டலத்தின் மேலேயே போடு' என்று சொன்ன அரசாங்கம், இவர்களிடம் 'எங்கேயாவது போடு' என்று சொன்ன மாதிரிதான் நடைமுறை இருக்கிறது. விதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. பதற்றத்தில் இருக்கும் ஒரு ஆள், கையில் போனோடு, ஒரு நிமிஷத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

இதற்கு நடுவில் எச்சரிக்கைக்கு மட்டும் பஞ்சமில்லை. 2025 பாதி வரைக்கும் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் சைபர் மோசடி எச்சரிக்கைதான் ஓடியது, நினைவிருக்கும். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாத ஆப்பை இறக்காதே. எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் அத்தனையும் பயனருக்கு. மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, எல்லா வகை சைபர் மோசடியும் சேர்த்து 2023-ல் போன பணம் ஏறத்தாழ 7,465 கோடி. 2024-ல் 22,845 கோடி. புத்திமதி கூடிய வருஷத்தில்தான் நஷ்டமும் மூன்று மடங்கானது.

ஓட்டையை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. யுபிஐயில் 'பணம் கேட்கும்' வசதி ஒன்று இருந்தது. முன்பின் தெரியாத ஆள்கூட உங்களுக்குக் கோரிக்கை அனுப்பலாம், பணம் வரப்போகிறது என்று நம்பி ரகசிய எண்ணைப் போட்டால் பணம் போய்விடும். 'பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை' என்று வருஷக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்தக் கோரிக்கையையே தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. அந்தக் கதவு வழியே நடந்த திருட்டு கதவோடு போயிற்று. வங்கிகளும் அதே வருஷம் 'பேங்க்.இன்' என்ற தனி இணைய முகவரிக்கு மாறின. அந்த வால் இல்லையென்றால் அது வங்கியின் தளம் இல்லை என்று யார் வேண்டுமானாலும் கண்டுகொள்ளலாம். இரண்டிலும் பயனரைத் திட்டவில்லை, அமைப்பைத் திருத்தினார்கள்.

நான் கேட்பதும் அந்த மாதிரித் திருத்தம்தான். ஆப்பின் முதல் திரையிலேயே ஒரு தொடர்பு எண், அந்த மாநிலத்து மொழியில் பேசும் ஆளோடு. ஒருவர் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடினால், கம்பெனியே உறுதி செய்த நம்பர் மட்டும் மேலே வரட்டும். உறுதி செய்த நம்பர் எதுவும் இல்லையென்றால் 'இந்தக் கம்பெனிக்குப் போன் சேவை இல்லை' என்று தேடுபொறி நேராகச் சொல்லட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் சித்தப்பா மேலே தேடியிருக்க மாட்டார். போலி நம்பரால் பணம் போனால், அதை மேலே நிறுத்திக் காட்டிய தளத்துக்கும் நஷ்டத்தில் பங்கு இருக்க வேண்டும். பங்கு வந்தால் அக்கறை தானாக வரும்.

அது வரைக்கும் நம்மால் முடிந்தது: பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930. நிமிஷக் கணக்கு முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தினால்தான் உண்டு. பொருள், பார்சல் தகராறுக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நம்பர் வேண்டுமென்றால் பில்லிலோ, கார்டின் பின்பக்கமோ, பாஸ்புக்கிலோ பாருங்கள். ஆமாம், அச்சடித்த தாளில். இணையம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு கடைசியில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தப்பா இப்போது லுங்கி லேபிளைப் புதிதாக அச்சடித்திருக்கிறார். போன் நம்பரை இரண்டு மடங்கு பெரிசாகப் போட்டிருக்கிறார். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், யாரோ ஒருவர் போன் செய்தார். 'எடுக்காதீங்க, காலையில பேசிக்கலாம்' என்றாள் சித்தி. சித்தப்பா சாதக் கையோடு இன்னொரு கையால் எடுத்தார்.

'சாயம் போவாதுங்க. மொத தடவை மட்டும் உப்புத் தண்ணில ஊற வெச்சி அலசுங்க. இல்ல, தனியா அலசுங்க. அப்டியே போனா எனக்கே போன் பண்ணுங்க.'