அன்னை சொன்ன அரை விடை

சமுதாயக் குறை ஒன்றைச் சுட்டிக்காட்ட எழுதப்பெறும் நாடகம், அக்குறை நீங்கியதும் மேடையை விட்டு மறைதல் இயல்பு. அவ்வாறு மறையாது, நூறாண்டு கடந்தும் நடிக்கப்பெற்று வருகின்ற நாடகங்களுள் ஒன்று, ஜெர்மானிய நாடகாசிரியர் பிராங்க் வெடேகிண்ட் இயற்றிய 'இளவேனில் விழிப்பு'. 1891ஆம் ஆண்டில் சூரிச் நகரில் நூலாக வெளிவந்த இதற்கு, 'குழந்தைகளின் துன்பியல்' என ஆசிரியரே துணைத் தலைப்பு இட்டார். ஆயினும், மேடையேற 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1906ஆம் ஆண்டில் பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் இதனை அரங்கேற்றினார். அப்போதும் தணிக்கையின் கத்தரிக்கு இது தப்பவில்லை.

பிள்ளைகளிடம் உண்மையை மறைத்தால் கேடு விளையும் என்பதே இந்நாடகத்தின் கருத்து எனப் பலரும் கூறுவர். அது பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. இந்நாடகத்தில் அறியாமை ஒரு சிறுமியின் உயிரைக் குடிக்கிறது. உடற்கூற்று அறிவை நிரம்பப் பெற்ற சிறுவனோ அவளைக் காக்கவில்லை. அவளுக்குத் தீங்கு இழைப்பவனே அவன்தான். ஆகவே, பாலியற் கல்வி வேண்டுமா என்னும் வினாவோடு இந்நாடகம் நின்றுவிடவில்லை. எத்தகைய பாலியற் கல்வி வேண்டும் என்னும் அரிய வினாவையும் அது எழுப்புகிறது.

கதையின் நடுநாயகமான காட்சி ஒரு வீட்டினுள் நிகழ்கிறது. வெண்ட்லா பெர்க்மன் பதினான்கு வயதுச் சிறுமி. அவளுடைய தமக்கைக்கு மூன்றாம் குழந்தை பிறந்திருக்கிறது. நாரை கொண்டுவந்து கொடுத்தது என்று தாய் சொல்கிறாள். மகள் நம்பவில்லை, உண்மையைச் சொல்லுமாறு மன்றாடுகிறாள். தாயின் நாணத்தைப் போக்க அவளே ஒரு வழியும் காண்கிறாள். தாயின் மடியில் தலைவைத்து, அவள் இடுப்பில் கட்டியுள்ள வேலைத்துணியால் தன் முகத்தை மூடச் சொல்கிறாள். அறையில் தனியே இருப்பதாக எண்ணிக்கொண்டு தாய் பேசலாம் அன்றோ! இத்தனை எளிதாக்கிக் கொடுத்தும் தாயின் நா எழவில்லை. இறுதியில் ஒரு விடை வருகிறது. மணந்த கணவனை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும். அந்த வயதில் அவளால் நேசிக்க இயலாத அளவுக்கு நேசிக்க வேண்டும். அதனால் குழந்தை பிறக்கும் என்பதே அவ்விடை.

இந்த இடத்தில்தான் வெடேகிண்டின் நுண்மை வெளிப்படுகிறது. தாய் பொய் சொல்லவில்லை; வாய்மூடி நிற்கவும் இல்லை. உயர்ந்த சொற்களால் ஓர் அரை விடையைத் தந்தாள். நாரைக் கதையை மகளால் எள்ளி நகையாட முடிந்தது. அரை விடையையோ அவள் நம்பிவிட்டாள். நம்பியதே அவளுக்குக் கேடாயிற்று. பின்னர் அவள் நோயுற்றுக் கிடக்கையில், குருதிச் சோகை என்று முதலில் சொல்லப்படுகிறது. கருவுற்றிருக்கிறாள் எனத் தாய் உரைத்ததும் மகள் திகைக்கிறாள்: மணமாகவில்லையே, தாயைத் தவிர வேறெவரையும் நேசிக்கவில்லையே, எங்ஙனம் கூடும்? அன்று கேட்ட பாடத்தை ஒரு மாணவியைப் போல் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறாள். பிழை பாடத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்க, தன் தாய் தன்னை எவ்வாறு வளர்த்தாளோ அவ்வாறே தானும் வளர்த்ததாகத் தாய் விடையிறுக்கிறாள். அவள் கொடியவள் அல்லள். தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு சங்கிலியின் கண்ணி. கருக்கலைப்பு மருந்தால் சிறுமி இறக்கிறாள். கல்லறைக் கல்லிலும் குருதிச் சோகையே காரணமாகப் பொறிக்கப்படுகிறது. மகள் இறந்த பின்னும் உண்மை மூடியே வைக்கப்படுகிறது.

இனி, மெல்கியோர் கேபர் என்னும் மாணவனைக் காண்போர்க்கு நாடகத்தின் மறுபக்கம் தெரியும். அவன் அறிவாளி, நூல்கள் வாயிலாக இனப்பெருக்கத்தின் உண்மைகளைக் கற்றவன். மோரிட்ஸ் என்னும் நண்பனின் ஐயம் தீர்க்க, படங்களுடன் 20 பக்கக் கட்டுரை ஒன்றை எழுதித் தருகிறான். ஆயின், வைக்கோற் பரணில் வெண்ட்லாவைக் காணும்போது, வேண்டாம் என்று அவள் மறுப்பதை அவன் பொருட்படுத்தவில்லை. அன்பென்று ஒன்று இல்லை, எல்லாம் தன்னலமே என்பது அவன் கொள்கை. உடலைப் பற்றி அனைத்தும் அறிந்தவன், மற்றோர் உயிரின் மறுப்பை மதிக்க அறியவில்லை. அதனை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவன் படித்த நூல்களிலும் அது இல்லை. 2006ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிற்கு வந்த இசை நாடக வடிவம், இக்காட்சியின் கடுமையை மென்மையாக்கிற்று. அதனால் காதலர்பால் இரக்கம் மிகுந்தது; மூல நாடகத்தின் எச்சரிக்கை குறைந்தது.

பள்ளியின் பங்கு யாது? மேல்வகுப்பில் அறுபது பேருக்கே இடம் என்பதால் எழுவர் தேர்வில் தோற்றே தீரவேண்டும். அந்த அச்சத்திலேயே உழன்ற மோரிட்ஸ், தோல்விக்குப் பின் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவனுடைய பொருள்களிடையே மெல்கியோரின் கட்டுரை அகப்படுகிறது. இறப்பிற்குக் காரணம் அதுவே என ஆசிரியர் குழு முடிவுகட்டுகிறது. விசாரணை அறையில் சாளரத்தைத் திறப்பதா மூடுவதா என்று நெடுநேரம் வாதிடும் ஆசிரியர்கள், மாணவனை ஒரு சொல் விளக்கம் கூறவும் விடவில்லை.

இக்காட்சி நகைப்பூட்டும், ஆயின் நாடகத்தின் குறையும் இங்கேயே உள்ளது. ஆசிரியர்களுக்குக் கேலிப் பெயர்களைச் சூட்டிப் பொம்மைகளாக ஆக்கிவிட்டார் வெடேகிண்ட். வெண்ட்லாவின் தாய்க்குக் காட்டிய பரிவில் கால்பங்கும் அவர்களுக்குக் காட்டவில்லை. அதனால், பள்ளி திருந்தினால் என்ன செய்யக்கூடும் என்னும் எண்ணமே நாடகத்தில் எழவில்லை. இறுதியில் முகமூடி அணிந்த ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் தோன்றி மெல்கியோரை வாழ்வின்பால் அழைத்துச் செல்கிறார். 1906ஆம் ஆண்டில் அவ்வேடத்தைத் தாங்கியவர் வெடேகிண்டே. நாடகத்திற்கு அது நல்ல முடிவாகலாம். நாட்டிலுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் முகமூடி மனிதர் கிடைப்பாரா?

வீடே போதும் என்பார்க்கும் நாடகத்தில் விடை உண்டு. மெல்கியோரின் தாய் பரந்த உள்ளம் படைத்தவள். கதேயின் 'ஃபாஸ்ட்' நூலை மகன் படிப்பதைத் தடுக்காதவள். அவளும் வெண்ட்லாவுக்கு அவன் எழுதிய கடிதத்தைக் கண்டதும், அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப இசைகிறாள். ஒரு வீட்டில் நாணம். மற்றொரு வீட்டில் நம்பிக்கை இருந்தும் வழிகாட்டல் இல்லை. எந்த வீட்டில் பிறந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும் இடம் பொதுப்பள்ளி ஒன்றே.

நாடகம் பிறந்த மொழியினரே இதனைப் பின்னர் உணர்ந்தனர். 1968ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள் பள்ளிகளில் பாலியற் கல்விக்குப் பரிந்துரைத்தனர். பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1977ஆம் ஆண்டில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் நடுநிலையான தீர்ப்பை அளித்தது. பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையில் பாலறிவு ஊட்டுவது முதன்மையாகப் பெற்றோரின் இயற்கை உரிமை. எனினும், பெற்றோரின் இசைவு இன்றியே பள்ளியில் அதனைக் கற்பிக்க அரசுக்கும் உரிமை உண்டு. பாடம் பல்வகை நெறிகளுக்கும் இடமளிக்க வேண்டும். ஒரே கொள்கையைத் திணித்தல் கூடாது. பாடப்பொருளையும் முறையையும் பெற்றோர்க்கு உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும். தாயின் உரிமையும் வெண்ட்லாவின் உரிமையும் ஒரே தீர்ப்பில் காக்கப்பெற்றன.

கற்பித்தால் பிள்ளைகள் கெடுவர் என்னும் அச்சம் இன்றும் நிலவுகிறது. அதனை எள்ளுதல் தகாது. மெய்ச்சான்று காட்டி நீக்குதலே தகும். யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் வெளியிட்டு 2018ஆம் ஆண்டில் திருத்திய பாலியற் கல்வி வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வி பாலுறவை மிகுவிப்பதில்லை எனக் கூறுகிறது. உடலறிவோடு உறவு, மதிப்பு, இசைவு, பாதுகாப்பு ஆகியவற்றையும் வயதிற்கேற்ப அது அடுக்கித் தருகிறது. முழுமையான பாலியற் கல்வி என்பது இதுவே. வெண்ட்லாவுக்கு வேண்டியிருந்தது முதற்பகுதி; மெல்கியோருக்கு வேண்டியிருந்தது மறுபகுதி. ஒன்றை மட்டும் கற்பித்து மற்றொன்றை விடும் பள்ளி, அந்த இருவருள் ஒருவரைக் கைவிடுகிறது.

இந்நாடகம் பழமையாகிவிட்டது என்று சொல்லக்கூடிய நாள் வருதல் வேண்டும். கேட்கும் பிள்ளைக்கு, முகத்தை மூடாமல், முழு விடை கிடைக்கும் நாளே அந்நாள்.